"சார் உள்ளே இருக்காரா?" - முதல்வர் அறை வாசலில் ஒரு மேஜை!

அரியாங்குப்பம்:

கலைக் கல்லூரி என்றதும் சலங்கைச் சத்தமும் வர்ண டப்பாவும்தான் ஞாபகம் வரும். முதல்வர் அறைக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமியை யாரும் கவனிப்பதில்லை. ஒரு காரியம் ஆக வேண்டும் என்று போய் நின்றால்தான் அந்த மேஜையின் மகிமை தெரியும்!

புதுச்சேரியில் கடலூர் பஸ் ஏறி, முருங்கப்பாக்கம் தாண்டி, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அரியாங்குப்பம். ரோமாபுரியோடு வியாபாரம் செய்த அரிக்கமேடு இதன் பக்கத்தில்தான். புதுவை அரசின் பாரதியார் பல்கலைக்கூடமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. பாட்டு, பரதம் ஒரு பக்கம். ஓவியம், சிற்பம் மறுபக்கம். பட்டம் கொடுப்பது புதுவைப் பல்கலைக்கழகம்.

இந்த மாதிரி கலை நிறுவனங்களில் தலைமைப் பதவியில் இருப்பவரின் நேர்முக உதவியாளருக்கு என்னதான் வேலை?

தபாலைப் பிரிப்பது, டிராஃப்ட் அடிப்பது, போன் எடுப்பது, வந்தவரை உட்கார வைப்பது. இதெல்லாம் எந்த ஆபீசிலும் உண்டு. அதற்கே சும்மா ஆள் எடுத்துவிட மாட்டார்கள். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஸ்டெனோ தேர்வில் ‘டி’ கிரேடுக்கு நிமிடத்துக்கு 80 சொல், ‘சி’ கிரேடுக்கு 100 சொல் சுருக்கெழுத்து போட வேண்டும். 10 நிமிடம் விடாமல்!

வீணைக்கு கொட்டேஷன்!

கலை நிறுவனத்தில் தலைவலி வேறு ரகம். மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற வேண்டும். சிற்ப வகுப்புக்குக் களிமண் வேண்டும். ஓவிய வகுப்பில் மணிக்கணக்கில் அசையாமல் ‘மாடலாக’ உட்காரும் முதியவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் பில் எங்கே, ரசீது எங்கே என்று ஆடிட் கேட்கும்.

வீணை வாங்குவதென்றால் கேட்கவே வேண்டாம். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஒரே பலாமரத்தைக் குடைந்து செய்யும் ஏகாந்த வீணைக்கும், ஒட்டு வீணைக்கும் விலையில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் கொட்டேஷன் பேப்பரில் இரண்டும் ‘வீணை - 1’ தான்! குறைந்த விலைக்கே ஆர்டர் என்று ஃபைல் சொல்லும். நாதம் வராது என்று ஆசிரியர் சொல்லுவார். நடுவில் நின்று, இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி நோட் எழுதத் தெரிந்தவர்தான் கெட்டிக்கார உதவியாளர்.

இந்த உத்தியோகத்தை மட்டமாக நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. சாந்திநிகேதனை நடத்திய தாகூரிடம் 1933 வரை செயலாளராக இருந்தவர் அமிய சக்ரவர்த்தி. 1930-ல் தாகூரோடு ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் சுற்றி வந்தவர். பிறகு வங்கத்தின் பெரிய கவிஞராகவே ஆனார். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த அனில் குமார் சந்தா, நேரு மந்திரி சபையில் வெளியுறவுத் துறை துணை மந்திரி!

ஒட்டிய கவர்

மந்திரி ஆவது இருக்கட்டும். அந்த மேஜைக்கு நிஜமான சோதனை ஒட்டிய கவரில் வரும். மேலே ‘ரகசியம்’ என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு மாணவியின் புகார்.

சென்னை கலாக்ஷேத்ராவை யாரும் மறந்திருக்க முடியாது. 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கிய நிறுவனம்; 1993-ல் பாராளுமன்றச் சட்டத்தின் கீழ் வந்தது. அங்கே 2023 மார்ச் கடைசியில் மாணவ, மாணவியர் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். பாலியல் தொல்லை பற்றிச் சொல்லியும் நிர்வாகம் கேட்கவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. மாநில மகளிர் ஆணையத் தலைவி நேரில் வந்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழுவும் போடப்பட்டது.

குருவின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள், வாயால் சொல்ல முடியாததைத்தான் பேப்பரில் எழுதுகிறார்கள். அந்தப் பேப்பர் மேஜை டிராயரில் தூங்கினால் என்ன ஆகும்?

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2013-ம் வருஷச் சட்டப்படி 10 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம்; தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு அனுமதிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். மாணவிகளுக்கென்று யு.ஜி.சி.யின் 2015 விதிகளும் உண்டு. புகாரைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர் பெயரை வெளியே விட்டால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். டீக்கடையில் "தெரியுமா சேதி?" என்று ஆரம்பிக்கும் ஆபீஸ்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்!

ஆகவே ‘ரகசியம்’ என்று எழுதிய கவரை உதவியாளர் பிரிக்கக் கூடாது. தேதி முத்திரை போட்டு, தபால் பதிவேட்டில் ஏற்றி, அப்படியே உள்ளே கொடுக்க வேண்டும். பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டியதில்லை, ‘ஒட்டிய கவர் - 1’ என்றாலே போதும். அந்த ஒரு வரி இருந்தால், "எங்களுக்கு வரவே இல்லையே" என்று பிறகு யாரும் கையை விரிக்க முடியாது.

புகார் கவரோ, போனாபைட் சர்டிபிகேட் கேட்கும் மனுவோ, எதைக் கொடுத்தாலும் டயரி நம்பர் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் வேணாம், நான் பார்த்துக்கறேன்" என்ற பதில் வந்தால் ஜெராக்ஸில் முத்திரையாவது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், உங்கள் மனு என்ன ஆச்சு என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் அப்பீல் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம். புதுச்சேரிக்கு என்று தனி தகவல் ஆணையம் கிடையாது. இரண்டாவது அப்பீல் நேரே டில்லிக்கு!