தொங்கும் வண்ணக் கண்ணாடிக்கு ஓரமே தாங்கல்

ஆலயச் சன்னல்களின் வண்ணக் கண்ணாடி வழியே காலை வெயில் நுழைந்து, தரையில் சிவப்பும் நீலமுமாக விழுவதை நாம் கண்டிருக்கிறோம். இதே கலையைச் சிறிய அளவில் பயன்படுத்தி, புறா, சிலுவை, விண்மீன் எனச் செய்து சன்னலோரம் தொங்கவிடுவோரும் உண்டு. சன்னலில் பதித்த கண்ணாடியைச் சட்டமும் சுவரும் தாங்குகின்றன. பிரான்சு நாட்டின் சார்த்ரு பேராலயம் போன்ற பழைய ஆலயங்களில் இரும்புக் கம்பிகளும் சேர்ந்து தாங்குகின்றன. தொங்கும் கண்ணாடிக்கு இவை எதுவும் இல்லை. அதன் முழு எடையும் ஓரத்தின் மேல்தான்.

இதைச் செய்யும் முறையைச் சற்றுப் பார்ப்போம். ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் பசை தடவிய மெல்லிய செப்பு நாடாவைச் சுற்றுகிறார்கள். பிறகு துண்டுகளை நெருக்கி வைத்து, 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த பற்றாசை உருக்கி இணைக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கில் லூயிஸ் டிஃப்பனியின் பட்டறை இம்முறைக்குப் பெயர் தேடித் தந்தது. இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் பற்றாசு முன்னும் பின்னும் ஓடி, நாடாவை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வெளி ஓரத்தில் அப்படி அல்ல; அங்கே நாடாவைக் கண்ணாடியோடு பிடித்திருப்பது பெரும்பாலும் பசைதான். கொக்கியை அங்கே பற்றவைத்தால், நாளடைவில் நாடா உரிந்து, கொக்கியோடு கையில் வந்துவிடும். 3 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் அடிச் சதுரக் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 700 கிராம் இருக்கும். அதன் கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எனவே உள்ளிருந்து வரும் இணைப்புக் கோடு ஓரத்தைத் தொடும் இடமே கொக்கிக்கு உரிய இடம். கொக்கிக் கம்பியின் வாலை அந்தக் கோட்டின் மேல் சிறிது தூரம் இறக்கிப் பற்றவைக்க வேண்டும். படம் வரையும்போதே இதற்கு இடம் பார்த்துவிடுவது நல்லது. செய்து முடித்தபின் கோட்டைத் தேடிப் பயனில்லை.

நேரான ஓரங்களுக்குத் துத்தநாகச் சட்டம் ஏற்றது. அது எளிதில் வளையாது. ஈயச் சட்டம் வளைவுகளுக்கு இசைந்து கொடுக்கும், ஆனால் மிருதுவானது. பெரிய கண்ணாடியின் எடையில் இழுபட்டு நீண்டுவிடும். புறாவின் சிறகு போன்ற ஒழுங்கற்ற ஓரங்களுக்கு, வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியைச் சுற்றிலும் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் பற்றவைப்பது என் பார்வையில் மிகச் சிறந்தது. அதே கம்பியை மேலே வளைத்து வளையமாக்கினால், கண்ணாடி கூடைக்குள் இருப்பதுபோல் நிற்கும். அகலமான கண்ணாடிக்கு வளையம் இரண்டாக இருக்கட்டும். சங்கிலிகள் நேர் மேலே செல்லட்டும்.

காரீயம் நஞ்சு. வேலை செய்யும் அறையில் சன்னல் திறந்திருக்க வேண்டும். வேலை முடிந்தபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடக் கூடாது. ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எடுத்து மாட்டும் விண்மீனானால், மாட்டும் முன் வளையத்தின் அடியில் நாடா சற்றேனும் பிரிந்திருக்கிறதா என விரலால் தடவிப் பாருங்கள்.