கடல் கடந்த மகளுக்கு ஒரு மருத்துவக் கடிதம்

மருத்துவச் சமூகப் பணிப் பிரிவிலிருந்து

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது, பக்கவாதம் கண்ட பெரியவர் ஒருவர் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 68. வலக்கையும் வலக்காலும் செயலிழந்திருந்தன, பேச்சும் நின்றுபோயிருந்தது. உடனிருந்தவர் அவருடைய துணைவியார் மட்டுமே. ஒரே மகள் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறாள்.

நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு அந்த அம்மையார் கைப்பேசியுடன் உணவகத்தின் பின்புறம் போய் நின்றுகொள்வார். மருத்துவமனைச் சுவர் படத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காக, வேப்பமரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசுவார். “அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை, கண்ணு” என்பார். ஐந்து நாள் இப்படியே கழிந்தது. ஏன் மறைக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் வேறு எதிலும் அடங்காதது: “கல்யாணமாகி எட்டு மாதந்தான் ஆகிறது. கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது வரும்வரை ஊரைவிட்டு நகரக் கூடாதென்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். சொன்னால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள்.”

இதைப் போன்ற குடும்பங்கள் எங்கள் வார்டுகளில் இப்போது அரிதல்ல. ஆகவே அந்தப் பெற்றோரின் இசைவுடன், அவர்கள் யாரென்று தெரியாதபடி, அந்தச் சில வாரங்களில் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். சட்ட ஆலோசனை கூறும் தகுதி எனக்கில்லை. அதற்குக் குடிவரவு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஆயினும் நோயாளியின் பக்கத்திலிருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

அமெரிக்கக் குடிமகனை மணந்து அந்நாட்டிலேயே வசிக்கும் ஒருவர், நிரந்தர வாசியாவதற்கு ஐ-485 என்னும் படிவத்தைத் தாக்கல் செய்கிறார். அது பரிசீலனையில் இருக்கும்போது முன் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறினால், அவ்விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே பெரும்பாலும் கருதப்படும். எச்-1பி, எல்-1 வேலை விசாக்களில் இருப்போரும் அவர்களைச் சார்ந்த எச்-4, எல்-2 விசாக்காரர்களும், தங்கள் நிலை தவறாமல் செல்லுபடியாகும் விசாவுடன் திரும்பினால் இதற்கு விலக்கானவர்கள். இப்பெரியவரின் மகளோ மாணவர் விசாவில் சென்றவள். படிப்பு முடிந்து, மணம் முடித்து, விண்ணப்பித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு அந்த விலக்கு கிடையாது. அம்மையார் அஞ்சியது வீண் அச்சமன்று.

ஆனால் அவர் அறியாத ஒன்றும் இருந்தது. ஐ-131 என்னும் படிவத்தின் வழியாகப் பயணத்திற்கு முன் அனுமதி பெறலாம். வழக்கமாக இதற்கு மாதங்கள் ஆகும். பெற்றோர் உயிருக்குப் போராடும் நிலை போன்ற அவசரங்களில், குடிவரவுத் துறையின் தொலைபேசி மையத்தை அழைத்து, உள்ளூர் அலுவலகத்தில் நேரில் தோன்றி, அவசர ஆவணம் கோர வழியுண்டு. கிடைக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. அதிகாரி மனம் கொள்ளும்படியான சான்று வேண்டும். அந்தச் சான்றின் பெரும்பகுதி இங்கிருந்து, நம் மருத்துவமனையிலிருந்துதான் போக வேண்டும்.

இந்த ஆவணத்தின் பெயர் ‘அட்வான்ஸ் பரோல்’. ஆறாம் நாள் நான் இதை விளக்கத் தொடங்கியதுமே அம்மையாரின் முகம் வெளிறிப்போயிற்று. பரோல் என்றால் நம் ஊரில் சிறைக் கைதிக்குத் தரும் விடுப்பன்றோ? “என் பெண் அங்கே என்ன குற்றம் செய்தாள்?” என்று கேட்டுவிட்டார். குற்றமுமில்லை, சிறையுமில்லை, போய்த் திரும்புவதற்கான அனுமதிச் சீட்டுக்கு அந்நாட்டார் வைத்திருக்கும் பெயர் அது என்று தேற்ற ஒரு குவளைக் காப்பி வேண்டியிருந்தது. அன்று மாலையே மகளிடம் உண்மையைச் சொன்னார். மகள் அழுதாளாம், அழுததைவிட அதிகம் கோபித்துக்கொண்டாளாம். ஐந்து நாள் போய்விட்டதே என்பதுதான் கோபம்.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். மகள் கேட்டனுப்பிய கடிதத்தை நான்தான் பணி மருத்துவரிடம் வாங்கி அனுப்பினேன். “மேற்படி நோயாளி எங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்று வருகிறார்” என்று ஒரே வரி. விடுப்புக்கும் காப்பீட்டுக்கும் நாங்கள் வழக்கமாகத் தரும் வாசகம் அது. அதை எடுத்துக்கொண்டு சென்ற மகளிடம், இதில் அவசரம் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டனர். அந்த ஒரு வரியால் இரண்டு நாள் வீணாயிற்று. அதன் பிறகு நரம்பியல் மருத்துவரே அமர்ந்து இரண்டாவது கடிதத்தை எழுதினார்.

அந்தக் கடிதத்தில் இருந்தவற்றைக் கூறுகிறேன். எவருக்கேனும் நாளை தேவைப்படலாம். மருத்துவமனையின் பெயரும் முகவரியும் அச்சிட்ட தாளில், ஆங்கிலத்தில், அன்றைய தேதியுடன் அது எழுதப்பட்டது. நோயாளியின் பெயர் மகளின் பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் எப்படி உள்ளதோ அதே எழுத்துகளில் இருந்தது. (இது சிறு செய்தியன்று. நம்மவர் பெயர்களில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். ஆதாரில் ஒன்றாகவும் பாஸ்போர்ட்டில் ஒன்றாகவும் இருக்கும். தூரத்து அதிகாரிக்கு இருவரும் ஒருவரே என்று எப்படித் தெரியும்?) சேர்க்கப்பட்ட நாள், நோயின் பெயர், மூளையில் ஏற்பட்ட பாதிப்பு, அன்றைய நிலை, அடுத்த சில வாரங்களில் எதிர்நோக்கும் ஆபத்து ஆகியவை மறைப்பின்றி எழுதப்பட்டன. விண்ணப்பிப்பவர் நோயாளியின் ஒரே மகள் என்பதும், சிகிச்சை முடிவுகளுக்கு அவர் வருகை ஏன் தேவை என்பதும் தனிப் பத்தியாக இருந்தன. இறுதியில் மருத்துவரின் முழுப்பெயர், பதிவு எண், தொலைபேசி எண், கையொப்பம், முத்திரை. இத்துடன் மகளின் பிறப்புச் சான்றிதழ் நகலும் சேர்ந்தது.

ஆபத்தை வெளிப்படையாக எழுதுவதில் நம் குடும்பங்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. “உயிருக்கு ஆபத்து என்று எழுதாதீர்கள், சொல் பலித்துவிடும்” என்று அம்மையாரும் முதலில் தடுத்தார். உள்ளதை எழுதாவிட்டால் அனுமதி கிடைக்காது. இல்லாததை எழுத மருத்துவர் இசையமாட்டார், இசையவும் கூடாது.

மகள் பதினோராம் நாள் இரவு வந்து சேர்ந்தாள். பார்வை நேரம் முடிந்திருந்தும் செவிலியர் உள்ளே விட்டனர். தந்தையால் பேச முடியவில்லை. இடக்கையால் மகளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டவர் விடியும்வரை விடவில்லை என்று இரவுப் பணிச் செவிலியர் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அது மருத்துவக் குறிப்பா என்று கேட்கத் தோன்றலாம். செயலிழக்காத கையின் பிடி உறுதியாக இருந்தது என்ற வகையில் மருத்துவக் குறிப்பேதான்.

அவசர ஆவணத்திற்குக் காலவரம்பு உண்டு. அது முடிவதற்குள் திரும்பியாக வேண்டும். திரும்பும் விமான நிலையத்தில் அனுமதிப்பது அங்குள்ள அதிகாரியின் முடிவு. விசாக் காலம் முடிந்தபின் நெடுநாள் அங்கே தங்கியிருந்தவர்கள், எந்த அனுமதிச் சீட்டு கையிலிருந்தாலும் வழக்கறிஞரைக் கேளாமல் கிளம்பக் கூடாது. சட்டவிரோதமாகத் தங்கியது 180 நாளைத் தாண்டியபின் வெளியேறினால் மூன்று ஆண்டும், ஓராண்டை எட்டியபின் வெளியேறினால் பத்து ஆண்டும் மீண்டும் நுழையத் தடை விதிக்கும் சட்டம் அங்கே இருக்கிறது.

வேலையைப் பற்றியும் அம்மையாருக்குக் கவலை. 1993இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, ஐம்பது பேருக்குக் குறையாத பணியாளர்களைக் கொண்ட நிறுவனத்தில் ஓராண்டேனும் பணியாற்றி, கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்தவர், கடும் நோயுற்ற தாய் தந்தையரைக் கவனிக்க ஆண்டுக்குப் பன்னிரண்டு வாரம் ஊதியமில்லா விடுப்புப் பெறலாம். பெற்றோர் வேறு நாட்டில் இருந்தாலும் பொருந்தும். அந்நாட்டு மருத்துவர் தரும் சான்றை நிறுவனம் ஏற்க வேண்டும். அந்தப் படிவத்தை மகள் கொண்டு வந்தபோது எங்கள் மருத்துவர் நிரப்பிக் கொடுத்தார்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். இக்கதையின் கடினமான பகுதி அதன் பிறகே தொடங்கியது. அவசரத்திற்கு ஓடி வர ஒரு வழி இருக்கிறது. ஆண்டுக்கணக்கான பராமரிப்பிற்கு அப்படி ஒன்றும் இல்லை.

இவ்வாண்டு மாசியில் மகளுக்குக் கிரீன் கார்டு கிடைத்தது. மணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் வழங்கப்படுவதால் அது நிபந்தனைக்குட்பட்ட இரண்டாண்டு அட்டை. அது முடிவடைவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 படிவத்தை அளித்து, தாங்கள் மெய்யாகவே இல்லறம் நடத்துவதைக் காட்ட வேண்டும்: ஒரே வீட்டின் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, புகைப்படங்கள் முதலியன. பாதி ஆண்டைத் தஞ்சையில் தந்தையருகே கழிக்கும் ஒரு மனைவிக்கு இந்தச் சான்றுகளைச் சேர்ப்பதில் கூடுதல் கவனம் தேவை. கணவரும் ஒருமுறை வந்து மாமனாருடன் இருந்துவிட்டுப் போனால் அதுவும் இல்லறத்திற்கு ஒரு சாட்சியே என்று நான் சொன்னேன். அவர் வந்தார், இரண்டு வாரம் தங்கி, மாமனாருக்கு முகச்சவரம் செய்யக் கற்றுக்கொண்டு போனார்.

குடியுரிமைக்கும் நாட்கணக்கு உண்டு. பொதுவாக ஐந்து ஆண்டு நிரந்தர வாசியாக இருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனான துணைவருடன் சேர்ந்து வாழ்பவருக்கு மூன்று ஆண்டு போதும். அம்மூன்று ஆண்டில் பாதியேனும், அதாவது பதினெட்டு மாதம், உடலளவில் அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரே பயணமாக ஆறு மாதத்திற்கு மேல் வெளியே தங்கினால் தொடர் வசிப்பு அறுந்ததாகக் கருதப்படும். மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ஓராண்டைத் தொட்டால் கணக்கு அறுந்தே போகும். ஓராண்டுக்கு மேல் தங்க நேரும் என்று முன்பே தெரிந்தால், புறப்படுவதற்கு முன் அங்கிருந்தபடியே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கிரீன் கார்டைக் காக்க உதவும். குடியுரிமைக் கணக்கைக் காக்காது. இரண்டையும் ஒன்றென நினைத்து ஏமாந்தோர் உண்டு.

இங்கே பெற்றோர் தரப்பில் நான் காணும் தவறு, “இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போயேன்” என்று அன்பினால் கேட்பது. ஐந்தாம் மாத முடிவில் கேட்கப்படும் அந்த ஒரு மாதத்தின் விலை பெரிது. அடுத்தடுத்துக் குறும்பயணங்களாக வருவது மேல்.

“நானும் அவரும் அங்கே போய்விட்டால் என்ன?” என்று அம்மையார் ஒருநாள் கேட்டார். கிரீன் கார்டு வைத்திருப்பவர் பெற்றோருக்காக விண்ணப்பிக்க இயலாது. குடிமகளான பிறகே இயலும். அப்போது பெற்றோர் நெருங்கிய உறவினர் என்ற வகையில் வருவதால் ஆண்டு எண்ணிக்கை உச்சவரம்பு அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சென்று இறங்கியதும் அரசின் மெடிகேர் காப்பீடு கிடைத்துவிடாது. 65 வயதைக் கடந்தவராயினும், அங்கே வேலை செய்து வரி கட்டியிராத நிரந்தர வாசி, ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பின்னரே அதைக் கட்டணம் செலுத்திப் பெற முடியும். பக்கவாதத்திலிருந்து மீளும் ஒருவருக்கு அந்த ஐந்து ஆண்டுதான் கேள்வியே. என் கருத்தைக் கேட்டால், இயன்முறை மருத்துவரும் உறவும் அருகிலிருக்கும் ஊரைவிட்டு அவரைப் பெயர்ப்பது நல்லதன்று. அம்மையார் இன்னும் முடிவு செய்யவில்லை.

மகள் குடியுரிமை பெறும் நாளுக்கும் ஓர் எச்சரிக்கை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அங்கே உறுதிமொழி எடுத்தபின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்து, ஓ.சி.ஐ. அட்டை பெற வேண்டும். புதிய அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் இந்திய விசாவோ ஓ.சி.ஐ. அட்டையோ கைக்கு வரும்வரை உள்ள இடைவெளியில் தந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் புறப்படுவது கடினம். உயிராபத்து நேர்வுகளில் அவசரப் பாஸ்போர்ட் பெறும் வசதி அங்கே இருக்கிறது. அதற்கும் கேட்கப்படுவது மருத்துவமனைக் கடிதமே. ஆகவே அந்த இரண்டாவது கடிதத்தின் மாதிரியை எங்கள் பிரிவில் கோப்பாக வைத்திருக்கிறோம். தேவைப்படுவோர் சேர்க்கை நடந்த அன்றே கேட்கலாம்.

மகள் வர முடியாத நாட்களில் யார் கையொப்பமிடுவது என்பதையும் அக்குடும்பம் தீர்த்துக்கொண்டது. பெரியவரின் தம்பி பொறுப்பேற்றார். மகள் பெயரிலுள்ள வீட்டுக்கான அதிகாரப் பத்திரம் அங்கே நோட்டரி முன் எழுதப்பட்டு, அப்போஸ்டில் முத்திரையுடன் வந்தது. வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தினர். தன் இறுதிக்கால சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் வழி வகுத்து, 2023இல் அதை எளிதாக்கியிருக்கிறது. இரு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றொப்பமும் போதும். அம்மையார் தமக்கு அதை எழுதி வைத்துவிட்டார். பெரியவர் இடக்கையால் எழுதிப் பழகி வருகிறார். கையெழுத்து நேரானதும் தாமும் எழுதுவதாகச் சைகையால் தெரிவித்திருக்கிறார்.

மகள் வருகிற தை மாதம் ஆறு வாரம் வருகிறாள். அம்மையார் இப்போதும் காலை ஆறரை மணிக்குத்தான் அழைக்கிறார். பயிற்சி உள்ள நாட்களில் இயன்முறை சிகிச்சை அறையிலிருந்தே அழைக்கிறார். கைப்பேசியைக் கணவரின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தாம் நாற்காலியில் அமர்ந்துகொள்கிறார்.