அக்கரைக் கணக்கு – 9: மைக்கில் வராத பெயர்

சிங்கப்பூரில் என் சம்பளச் சீட்டில் மாதாமாதம் 'சிண்டா' என்று ஒரு பிடித்தம் இருக்கும். 1991-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குப் போகும் பணம் அது. குடிமக்கள், நிரந்தரவாசிகள், என்னைப் போல எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்கள் என்று வேலை பார்க்கும் இந்தியர் எல்லோரிடமும் பிடிப்பார்கள். 1,000 வெள்ளிக்குள் சம்பளம் என்றால் 1 வெள்ளி, 15,000-ஐத் தாண்டினால் 30 வெள்ளி. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், யாரும் மெனக்கெடுவதில்லை. சீனருக்கும் மலாய் முஸ்லிம்களுக்கும் யுரேசியருக்கும் இதுபோலவே தனித்தனி நிதி உண்டு. இந்தப் பணத்தில் ட்யூஷன் படிக்கும் பிள்ளைக்கு என் முகம் தெரியாது, எனக்கும் அதன் பெயர் தெரியாது.

எங்கள் ஊர் அத்திப்பட்டில் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "கேக்காமயே புடிச்சிக்கினா அது தர்மமாடா? வரி" என்றார்.

அவருக்குத் தெரிந்த தர்மத்துக்கு ரசீது நோட்டு வேண்டும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். போன வருஷம் எவ்வளவு கொடுத்தோம் என்பது நமக்கு முன்னால் அவர்களுக்கு ஞாபகம் வரும். கொடுத்த தொகை பெயரோடு மைக்கில் ஒலிக்கும். தற்பெருமை என்று நானும் ஒருகாலத்தில் கேலி பேசியவன்தான். இப்போது அதைத் தணிக்கை என்றே நினைக்கிறேன். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டால் விழாக்குழு கையை வைக்க யோசிக்கும். சிங்கப்பூரில் அந்த வேலையைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. வீடுவீடாக வசூல் செய்யவே உரிமம் வாங்க வேண்டும்.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று எங்கள் பக்கம் இருக்கிறது. வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் எல்லாம் சுற்றிச் சுற்றி இருக்கிற இடமாயிற்றே. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. சிண்டாவிலாவது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், இதில் அதுவும் கிடையாது. ஆனால் வகுப்பறை கட்டினால் ரிப்பன் உண்டு, கல்வெட்டு உண்டு, பொன்னாடை உண்டு. கட்டாயத்தில் கொடுத்தாலும் வள்ளல் பட்டம்!

அது கூடப் பெரிதில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சேப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் உடைந்து, கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழியிலும் சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன சங்கதி. இறாலும் நண்டும் குறைந்துபோன மீனவனுக்குச் சேரவேண்டியது இழப்பீடு. அது கடன், தர்மம் ஆகாது. ஊரில் பலர் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள்: "கம்பெனிக்காரன் எதுனா செய்வான்." அந்த நிலையத்தை நடத்திய மின்வாரியமோ பல ஆண்டுகள் நஷ்டத்தில் ஓடியது. லாபமே இல்லாத இடத்தில் 2 சதவீதம் என்பது பூஜ்யம். இந்தக் கணக்கில் லாபத்தைத்தான் எண்ணுகிறார்கள், சாம்பலை இல்லை.

(தொடரும்)