மஜ்ஜை மாற்று வார்டில் ரெய்கி: குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்று முடிவானதும் ஆலோசனைகள் குவியத் தொடங்கும். "ரெய்கி கொடுத்துப் பாருங்களேன், கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) சீக்கிரம் ஏறும்" என்பார் ஒருவர். பிராண சிகிச்சை என்பார் இன்னொருவர். இருந்த இடத்திலிருந்தே ஆற்றல் அனுப்புவதாகச் சொல்பவர்களும் உண்டு. அக்கறையோடு வரும் யோசனை என்பதால் மறுக்கவும் முடியாது, சட்டென்று ஏற்கவும் மனம் வராது. இதில் எதை எதிர்பார்க்கலாம், எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில், இந்தச் சிகிச்சையில் என்னதான் நடக்கிறது? எலும்புக்குள் இருக்கும் மென்மையான திசுதான் மஜ்ஜை. நம் ரத்தம் அங்கேதான் உருவாகிறது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா (பிறவியிலேயே வரும் ஒருவகை ரத்தசோகை) போன்ற நோய்களில், கடுமையான கீமோ மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழித்துவிடுவார்கள். பிறகு ஸ்டெம் செல்களை (எல்லா ரத்த அணுக்களுக்கும் தாய் அணுக்கள்) ரத்தம் ஏற்றுவது போலவே குழாய் வழியாக ஏற்றுவார்கள். நோயாளிக்கு இதில் அறுவைச் சிகிச்சை கிடையாது. இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-லும், வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் இது தொடங்கியது.

ஏற்றிய செல்கள், நட்ட நாற்று வேர் பிடிப்பதுபோல் மஜ்ஜைக்குள் ஊன்றிக்கொண்டு புது ரத்தம் தர ஏறக்குறைய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். கஷ்டமான காலம் இதுதான். கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் ஏறத்தாழ இல்லாமலே போய்விடும். தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைப்பவை) குறைந்து, லேசாக அழுத்தினாலே உடம்பு கன்றிப்போகும். வாயெல்லாம் புண். காற்றை வடிகட்டி அனுப்பும் தனி அறையில், அடையாளம் தெரியாத அளவுக்கு முகக்கவசம் போட்டவர்களை மட்டும் பார்த்தபடி படுத்திருக்க வேண்டும். இந்த நிலையில் ஆறுதல் தரும் எதையும் மனம் தேடத்தான் செய்யும்.

சரி, ஆற்றல் சிகிச்சை என்பது என்ன? உடலைச் சுற்றியும் உள்ளேயும் ஓர் உயிராற்றல் ஓடுகிறது, கைகளால் அதைச் சீர்செய்யலாம் என்ற நம்பிக்கையில் செய்யப்படும் முறைகளின் பொதுப்பெயர் அது. ரெய்கியை ஜப்பானில் 1922-ல் மிக்காவோ உசுயி தொடங்கினார். தெரப்யூட்டிக் டச் என்ற முறையை அமெரிக்காவில் 1972-ல் செவிலியர் பேராசிரியை டொலோரஸ் கிரீகரும் டோரா குன்ஸும் உருவாக்கினார்கள். பெயரில் 'டச்' இருந்தாலும், பெரும்பாலும் தொடாமல் உடலுக்குச் சில அங்குலம் மேலே கைகளை நகர்த்துவார்கள். பிராண சிகிச்சையைப் பரப்பியவர் பிலிப்பைன்ஸில் வாழ்ந்த சோவா கோக் சுய்.

அந்த ஆற்றல் உண்மையிலேயே இருக்கிறதா? இதுவரை எந்தக் கருவியாலும் அளக்க முடியவில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எமிலி ரோசா என்ற சிறுமி ஒன்பது வயதில் ஒரு எளிய சோதனை செய்தாள். நடுவே தடுப்பு வைத்து, 21 தெரப்யூட்டிக் டச் நிபுணர்களை அதன் வழியே இரு கைகளையும் நீட்டச் சொன்னாள். அவர்களுடைய ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கை என்று கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வரும். 280 முறையில் அவர்கள் சரியாகச் சொன்னது 123 முறைதான். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1998-ல் இது வெளியானது.

"இருக்கட்டும், மஜ்ஜை மாற்று நோயாளிகளிடம் செய்து பார்த்திருக்கிறார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கிறார்கள். 2003-ல் வெளியான கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 88 மஜ்ஜை மாற்று நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு தெரப்யூட்டிக் டச், ஒரு குழுவுக்கு மசாஜ். மூன்றாவது குழுவோடு ஒருவர் சும்மா நட்பாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவார். புது மஜ்ஜை ஊன்றிக்கொள்ள எடுத்த காலத்தில் குழுக்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் "இதமாக இருந்தது" என்ற உணர்வு, வெறுமனே பேச்சுத்துணை கிடைத்தவர்களைவிட, மசாஜும் தெரப்யூட்டிக் டச்சும் பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்தது.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். கவுண்ட் ஏறுவதற்கு இது வழியில்லை. அந்த நோயாளிகள் உணர்ந்த இதமும் பொய்யில்லை. ஏன் இதம் தெரிகிறது என்பதற்கு என் கணிப்பு இது: மஜ்ஜை மாற்று அறையில் ஒருவர் உங்களைத் தொட்டால், ஊசிக்காகவோ, ரத்த அழுத்தம் பார்க்கவோ, கட்டு மாற்றவோதான் தொடுவார். எதையும் எடுக்காமல், எதையும் ஏற்றாமல், அரை மணி நேரம் ஒருவர் அமைதியாகப் பக்கத்தில் இருப்பது அங்கே அபூர்வம். அதற்கு 'ஆற்றல்' என்ற விளக்கம் தேவையே இல்லை.

அப்படியானால் அதை வீட்டாரே செய்யலாமா? தாராளமாக. டாக்டர் அனுமதித்தால், கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அம்மாவோ அண்ணனோ பாதத்தை மெல்ல வருடிக் கொடுக்கலாம். அமுக்கிப் பிடித்துவிடுவது கூடாது. தட்டணு குறைந்திருக்கும் நாட்களில் அழுத்தம் தோலுக்கடியில் ரத்தக் கசிவை உண்டாக்கும். நெஞ்சிலோ கழுத்திலோ பொருத்தியிருக்கும் சென்ட்ரல் லைன் (மருந்து ஏற்ற நீண்ட நாட்களுக்கு வைத்த குழாய்) பக்கம் கையே போகக் கூடாது. எண்ணெயும் வேண்டாம்.

வெளியிலிருந்து ஒருவரை வரவழைக்கத்தான் வேண்டும் என்றால்? முதலில் நோயாளியைக் கேளுங்கள். ஊரிலிருந்து வந்த பெரியம்மாவின் ஆசைக்காகச் செய்ய வேண்டாம். வாய்ப்புண்ணும் வாந்தியுமாக இருப்பவருக்கு யாரும் கிட்டே வராமல் இருந்தாலே போதும் என்று தோன்றலாம். குழந்தையாக இருந்தாலும் கேட்க வேண்டும், வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது டாக்டரின் அனுமதி. வருபவருக்குச் சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அக்கி எதுவும் இருக்கக் கூடாது. அவர் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தாலும் வரக் கூடாது. மோதிரம், கடிகாரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கை கழுவ வேண்டும். நமக்கு வெறும் ஜலதோஷம் தருகிற கிருமி, இந்த நோயாளிக்கு நிமோனியாவாக மாறலாம்.

கையோடு கொண்டுவரும் பொருட்களில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். பூவும் செடியும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இருப்பிடம். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரப் புகை புண்பட்ட நுரையீரலுக்கு ஆகாது. ஆற்றல் ஏற்றிய தண்ணீர், தீர்த்தம், விபூதி வாயில் போகக் கூடாது. கற்களையும் செம்புத் தகட்டையும் தலையணைக்கடியில் வைக்க வேண்டாம். கும்பிட வேண்டுமென்றால் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுங்கள், அதில் ஒரு குறையும் வராது.

சிகிச்சையோடு சேர்த்து மூலிகையும் தந்தால் கண்டிப்பாக வாங்காதீர்கள். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2020, 2021 கோவிட் காலத்தில் இந்திய டாக்டர்களே பதிவு செய்திருக்கிறார்கள். மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு தரும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் மிக நுணுக்கமான அளவில் வேலை செய்பவை. பம்பளிமாஸ் பழம்கூட ரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடக் கூடும். 'எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்' கஷாயம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வேறொருவர் தந்த செல்கள் உங்கள் உடலையே தாக்காமல் இருக்கத்தான் அந்த மருந்துகள் எதிர்ப்பு சக்தியை வேண்டுமென்றே அடக்கி வைக்கின்றன.

என்னை மிகவும் அச்சப்படுத்துவது இதற்கெல்லாம் மேலே ஒன்று. நோயாளிக்குக் காய்ச்சல் வரும்போது, "கழிவு வெளியேறுகிறது, ஆற்றல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது, பயப்படாதீர்கள்" என்று யாராவது சொல்வது. அந்தப் பேச்சை ஒரு நிமிடமும் கேட்காதீர்கள். மஜ்ஜை மாற்று நோயாளிக்கு 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் என்றால் அது அவசரநிலை. நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். உள்ளங்கையிலோ காதோரமோ தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு, கண் மஞ்சள் பூப்பது ஆகியவை, வந்த செல்கள் உடலைத் தாக்கத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். தொடக்கத்திலேயே பிடித்தால் மருந்துக்குக் கட்டுப்பட வாய்ப்பு அதிகம். டிஸ்சார்ஜ் ஆனபின் வீட்டில் இருக்கும் முதல் மாதங்களில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் அங்கே ரவுண்ட்ஸ் வந்து பார்க்க டாக்டர் இருக்க மாட்டார்.

"கூடவே செய்தால் என்ன நஷ்டம்?" என்ற கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவத்தோடு சேர்த்து மாற்றுமுறைகளையும் நாடிய புற்றுநோயாளிகளிடம் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. இதற்கு அவர்கள் கண்ட காரணம், அந்த நோயாளிகள் டாக்டர் சொன்ன அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, ஹார்மோன் சிகிச்சைகளில் ஏதாவது ஒன்றை மறுத்துவிடுவது அதிகமாக இருந்ததுதான். ரெய்கி கொடுப்பவர் மாத்திரையைக் குறை, அடுத்த பரிசோதனைக்குப் போகாதே என்று சொன்னால், அன்றோடு அவரை நிறுத்திவிடுங்கள். புற்றுநோயை மருந்தாலோ மந்திரம், தாயத்தாலோ குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தியாவில் தடை செய்திருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பண விஷயம் சுருக்கமாக. இந்தச் சிகிச்சைக்கு ஏற்கெனவே பல லட்சம் செலவாகியிருக்கும். தொலைவிலிருந்து ஆற்றல் அனுப்பக் கட்டணம் கேட்டால், கிருமி வராது என்பது உண்மைதான், பணம் போகும். அந்தத் தொகையை மருந்துக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் எடுக்கும் வாடகை அறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். யார் வந்தார், எங்கே தொட்டார், எதைத் தின்னவோ குடிக்கவோ தந்தார் என்று ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டோடு வைத்து அடுத்த முறை காட்டுங்கள். கல்லீரல் பரிசோதனை அளவுகள் திடீரென ஏறினால் அவர் முதலில் தேடுவது அந்தத் தாளில் இருக்கும் விவரத்தைத்தான்.