நீல ஸ்ட்ராபெர்ரி விற்கிறார்கள், உஷார்!

நீல நிற ஸ்ட்ராபெர்ரி படம் போட்ட விதைப் பாக்கெட்டுகள் சில ஆண்டுகளாக இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் ஆசையோடு வாங்குகிறார்கள். முளைத்தால் களை, முளைக்காவிட்டால் ஏமாற்றம். நீல ஸ்ட்ராபெர்ரி என்று ஒரு பழமே உலகில் கிடையாது. அந்த நீலம் கம்ப்யூட்டர் பூசிய சாயம்.

சிவப்புப் படத்தை நம்பியவர்களுக்கும் சிக்கல் உண்டு. இன்றைய ஸ்ட்ராபெர்ரி, 18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வட அமெரிக்க இனமும் சிலி நாட்டு இனமும் கலந்து பிறந்த கலப்பினம். மனித செல்லில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகள், இதில் எட்டு. அதனால் கடையில் வாங்கிய பழத்தின் விதையிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு ரகம். பழம் சிறுத்துப் போகலாம், புளிக்கலாம், காய்க்காமலே போகலாம். ஆல்பைன் என்ற சிறு பழ வகை மட்டும் விதையிலும் தாயைப்போலவே வரும்.

நாட்டின் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பங்கை விளைவிக்கும் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி விவசாயிகள் விதைப் பக்கமே போவதில்லை. வெளிநாட்டிலிருந்து தாய்ச்செடிகளைத் தருவித்து, அவை விடும் ஓடுகொடிகளை வேர்பிடிக்கவைத்து நடுகிறார்கள். 2010-ல் புவிசார் குறியீடு பெற்ற பழத்தின் கதையே இதுதான்.

அப்படியும் விதைத்தே தீருவேன் என்பவருக்குப் பொறுமை வேண்டும். பழத்தின் மேல்தோலைச் சீவி உலர்த்தினால் விதைகள் உதிரும். இரண்டு முதல் நான்கு வாரம் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, ஈரமான மண் கலவையின் மேல் தூவ வேண்டும். மண் போட்டு மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் தேவை. பலரும் தவறுவது இங்கேதான். முளைக்க இரண்டு வாரமும் ஆகலாம், ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். தண்ணீரைத் தெளிக்கலாம், ஊற்றினால் நாற்று அழுகிவிடும். இத்தனையும் தாண்டிய செடியைச் சமவெளியின் கோடை கொன்றுவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் வட இந்தியர்களின் ரஸ்பரியை முயலலாம். ராஸ்ப்பெர்ரிக்கும் இதற்கும் உறவில்லை. இது ஆண்டீஸ் மலையிலிருந்து வந்த தக்காளிக் குடும்பத்துச் செடி. நம் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய சொந்தம். காகிதம் போன்ற உறைக்குள் கோலிக்குண்டு அளவில் பொன்னிறப் பழம். குளிர்காலம் முடியும் தறுவாயில் தில்லி, வாரணாசி தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும்.

ஒரே பழத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விதைகள். நசுக்கி, தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். குளிரூட்டும் வேலை இல்லை. வடக்கே ஜூன், ஜூலையில் கத்தரிக்கு விடுவதுபோல் நாற்று விட்டு, நாலைந்து இலை வந்ததும் தொட்டிக்கு ஒன்றாக நடுகிறார்கள். உரத்தில் தாராளம் காட்டினால் இலைதான் செழிக்கும். கிளைகள் பரவிச் சாயும் என்பதால் குச்சி ஊன்ற வேண்டும். பழங்கள் பெரும்பாலும் ஜனவரிக்குப் பின்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. பச்சைக் காயில் நச்சுப்பொருள் இருப்பதால் குழந்தைகள் பறித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறை வைக்கோல் நிறமாகி, பழம் தானாக உதிரும்வரை காத்திருப்பது நல்லது. உதிர்ந்தவற்றில் நன்கு பழுத்த இரண்டை ஒதுக்கிவைத்தால் அடுத்த ஜூனுக்கு விதை தயார்.