இலை இருந்தும் பட்டினி!
கோலாவின் உயிரைக் காக்கும் குடல் கிருமிகள்

பக்கத்திலேயே உணவு. பசியோ காதை அடைக்கிறது. ஆனாலும் தின்னாமல் ஒரு பிராணி செத்துப் போகுமா?

போயிற்று! ஒன்றல்ல, இரண்டல்ல. கூட்டங் கூட்டமாகச் செத்தன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஆட்வே முனையில் 2013-ம் ஆண்டு இது நடந்தது.

செத்தவை கோலாக்கள். "கோலாக் கரடி" என்று சொல்வார்கள். உண்மையில் அது கரடி அல்ல. கங்காருவைப் போல, குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் பிராணி. அதன் ஆகாரம் யூகலிப்டஸ் இலை. நீலகிரியில் தைலம் காய்ச்சுகிறார்களே, அந்தச் சாதி மரந்தான்!

ஆட்வே முனையில் கோலாக்கள் பெருகி விட்டன. அவை விரும்பித் தின்பது "மன்னா" என்ற வகை யூகலிப்டஸ். அந்த மரங்களையெல்லாம் மொட்டையடித்து விட்டன. பக்கத்தில் "மெஸ்மேட்" என்ற வேறு வகை யூகலிப்டஸ் பச்சைப் பசேலென்று நின்றது. ஆனால், பெரும்பாலான கோலாக்கள் அதைத் தொடவில்லை. மெலிந்து மடிந்தன.

இதில் ஒரு விந்தை! வேறு சில கோலாக்கள் அதே மெஸ்மேட் இலையைத் தின்று வாழ்ந்தன.

ஏன் இந்த வித்தியாசம்?

விஷ இலை

யூகலிப்டஸ் இலையில் சத்து குறைவு, நார் அதிகம், விஷமும் உண்டு. மற்றப் பிராணிகள் பல அதன் அருகே போகா. கோலாவின் குருட்டுக்குடல் சுமார் 2 மீட்டர் நீளம்! அதற்குள் கோடானுகோடி கிருமிகள் குடியிருக்கின்றன. இலையை நொதிக்க வைத்து, சத்தைப் பிரித்துக் கொடுப்பவை அவைதான்.

"கிருமி" என்றதும் நாம் முகத்தைச் சுளிக்கிறோம். இந்தக் கிருமிகள் பகைவர்கள் அல்ல. கூலி வாங்காத சமையற்காரர்கள்!

தாய் தரும் சொத்து

இந்தக் கிருமிகள் குட்டியின் வயிற்றுக்குள் எப்படி வருகின்றன? சுமார் ஆறு மாதம் வரை குட்டிக்குப் பால்தான் ஆகாரம். பிறகு, தாயின் குடலிலிருந்து வரும் கூழ் போன்ற ஒரு கழிவைக் குட்டி தின்கிறது. அதன் பிறகுதான் இலையைக் கடிக்கும். தாயை இழந்த குட்டிகளை வளர்ப்பவர்கள், நல்ல ஆரோக்கியமுள்ள கோலாவின் சாணத்தைக் கரைத்துக் கொடுப்பதுண்டு.

அருவருப்பாக இருக்கிறதா? நம் காட்டு யானைக் குட்டியும் தாயின் லத்தியைத் தின்கிறது. இயற்கையின் ஏற்பாடு அது!

மாத்திரையில் சாணம்

மிக்கேலா பிளைட்டன் என்ற பெண் விஞ்ஞானியும், பென் மூர் என்பவரும், அவர்களுடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். மெஸ்மேட் தின்னும் கோலாக்களின் சாணத்தைச் சேகரித்தார்கள். அதிலிருந்த கிருமிகளை மாத்திரைக் கூட்டில் அடைத்தார்கள். மன்னா இலை மட்டுமே தின்று பழகிய கோலாக்களுக்கு அதைக் கொடுத்தார்கள்.

முடிவு 2019-ல் வெளிவந்தது. கோலாக்களின் குடல் கிருமிகள் மாறின! எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் மாறவில்லை. எதற்கு அதிகமாக மாறியதோ, அது மெஸ்மேட் இலையை அதிகமாகத் தின்றது.

மருந்தே ஆபத்து

கோலாக்களை வாட்டும் நோய் கிளமிடியா. கண்ணைக் கெடுக்கும், மலடாக்கும். அதற்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்து, நோய்க் கிருமியோடு நல்ல கிருமிகளையும் கொன்று விடலாம். அப்புறம் இலை எப்படிச் செரிக்கும்? நோயிலிருந்து பிழைத்தும், ஆகாரம் செரிக்காமல் உயிரை விடும் அபாயம் உண்டு.

யூகலிப்டஸ் இலையில் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது இலையின் புரதத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும். அந்தப் பிடியை உடைக்கும் ஒரு கிருமியைக் கோலாவின் குடலில் கண்டுபிடித்து, 1995-ல் அதற்கு "லோன்பைனெல்லா" என்று பெயர் சூட்டினார்கள். பிரிஸ்பேன் நகரிலுள்ள "லோன் பைன்" கோலா சரணாலயத்தின் பெயர் அது.

எதைக் காப்பது?

குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பிரதேசம் ஆகிய இடங்களில் கோலா அழியும் அபாயத்திலுள்ள பிராணி என்று 2022-ல் ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. நுண்ணுயிர்களைக் காப்பதற்கென்றே உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2025-ல் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது.

ஒரு பிராணி அழிந்தால், அதையே நம்பி வாழும் கிருமிகளும் அதோடு அழியும். கிருமிகள் அழிந்தால் பிராணியும் பிழைக்காது. மரத்தை நட்டால் மட்டும் போதாது. அதன் இலையைச் செரிக்க வைக்கும் கிருமியையும் காக்க வேண்டும். இல்லாவிட்டால் காடு நிறைய இலை இருக்கும். கோலா பட்டினி கிடக்கும்!