இருபது காசு அளவு தண்ணீர் போதும்

வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு நாள் சிவப்புப் பதாகை ஒன்று தொங்கும். அந்த வட்டாரத்தில் பத்து அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு டெங்கி வந்திருக்கிறது என்பது அதன் பொருள். பத்துக்குக் கீழ் என்றால் மஞ்சள். பள்ளிக்கும் வேலைக்கும் விரைபவர்கள் அதைக் கடந்து சென்றுவிடுகிறோம். ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய ஒன்று என்பதால், அது நம்மிடம் என்ன கேட்கிறது என்று பெரும்பாலோர் நின்று யோசிப்பதில்லை.

யோசிக்க வேண்டிய காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று, குறிப்பாக நம் வயதினரைப் பற்றியது.

உலகெங்கும் விரியும் நோய்

1970ஆம் ஆண்டுக்கு முன் ஒன்பது நாடுகளில் மட்டுமே கடுமையான டெங்கி பெரிய அளவில் பரவியிருந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் டெங்கி வேரூன்றிவிட்டது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதன் ஆபத்து உள்ள பகுதிகளில் வாழ்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2023ஆம் ஆண்டு பங்ளாதேஷில் மட்டும் 1,700க்கும் மேற்பட்டோர் டெங்கியால் உயிரிழந்தனர். 2024ஆம் ஆண்டு உலகெங்கும் 14 மில்லியனுக்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்ததாகப் பதிவானது. அதுவரை இல்லாத உச்சம் அது. பிரேசிலில் மட்டுமே ஆறு மில்லியனைத் தாண்டியது.

வெப்பமண்டல நோய் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த டெங்கி, இப்போது பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளிலும் உள்ளூரிலேயே பரவத் தொடங்கியுள்ளது. பூமி வெப்பமடைவது, நகரங்கள் நெருக்கமாக வளர்வது, மனிதர்கள் அதிகம் பயணம் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்து கொசுவுக்குப் புதிய வீடுகளைத் திறந்துவிட்டிருக்கின்றன.

நம் நாட்டு நிலவரத்தையும் பார்ப்போம். சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டு 22,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. 2020ஆம் ஆண்டு அந்த எண்ணிக்கை 35,000ஐத் தாண்டியது. கொவிட்-19 காரணமாக எல்லாரும் வீட்டிலேயே இருந்த காலம் அது. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும் கொசு. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் வாழ விரும்பும் கொசு. மனிதர்கள் நாள் முழுவதும் வீட்டில் இருந்தது அதற்கு வசதியாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு மீண்டும் 32,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். அண்டை நாடான மலேசியாவில் 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தலா 120,000க்கும் மேற்பட்ட சம்பவங்கள் பதிவாகின.

ஏழே நாளில் ஒரு தலைமுறை

டெங்கியைப் பரப்புவது பெண் ஏடிஸ் கொசு. முட்டை வளர ரத்தம் வேண்டும் என்பதால் பெண் கொசு மட்டுமே கடிக்கிறது. ஆண் கொசு பூந்தேனையும் செடியின் சாற்றையும் குடித்து வாழும்.

முட்டையிடச் சாக்கடையோ குளமோ அதற்குத் தேவையில்லை. தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீர், அதுவும் இருபது காசு நாணயத்தின் அளவு இருந்தாலே போதும். முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். வாரத்துக்கு ஒரு முறையாவது தண்ணீரை அப்புறப்படுத்தச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இன்னொரு செய்தியைப் பலர் அறிவதில்லை. ஏடிஸ் முட்டைகள் தண்ணீர் வற்றிய பிறகும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. அதன் விளிம்பையும் உட்பக்கத்தையும் தேய்த்துத் துடைக்க வேண்டும். பூச்சாடித் தட்டுக்கும் இதே விதிதான்.

கொசு பிறக்கும்போதே பொதுவாக டெங்கியோடு பிறப்பதில்லை. நோயுற்ற ஒருவரைக் கடித்த பிறகுதான் கிருமி அதற்குள் போகிறது. பின்னர் ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு நாள் கழித்து அது மற்றவருக்குப் பரப்பத் தொடங்குகிறது. ஆகவே, வீட்டில் ஒருவருக்கு டெங்கி வந்தால் அவரைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வது மற்ற எல்லாரையும் காப்பாற்றும் வேலை. நோயாளிதான் முதலில் கொசுவிரட்டி மருந்து பூசிக்கொள்ள வேண்டும்.

வெற்றிக்குள் இருக்கும் சிக்கல்

1960களில் சிங்கப்பூரில் டெங்கி பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கிய நோய். அப்போது பல குடியிருப்புகளில் ஏடிஸ் கொசு வளர்ந்தது. அதன் பிறகு அரசாங்கம் வீடு வீடாகச் சோதனை நடத்தியது, மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, சட்டம் கொண்டுவந்தது. 1970களில் நூறு இடங்களைச் சோதித்தால் ஏறத்தாழ இரண்டில் மட்டுமே கொசுப் புழுக்கள் இருந்தன. உலகமே வியந்த சாதனை அது. பல ஆண்டுகள் டெங்கி அடங்கிக் கிடந்தது.

ஆனால், 1990களில் அது மீண்டும் தலைதூக்கியது. கொசு குறைவாகவே இருந்தும் ஏன் திரும்பியது? ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று நோய் எதிர்ப்புச் சக்தி. கடி குறைந்ததால் டெங்கியே வராமல் வளர்ந்த ஒரு தலைமுறை உருவானது. அவர்கள் உடலில் டெங்கியை எதிர்க்கும் சக்தி இல்லை. எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் நிறைந்த ஊரில் பரவ நிறைய கொசு தேவை; அது இல்லாதவர்கள் நிறைந்த ஊரில் கொஞ்சம் கொசுவே போதும்.

அந்தத் தலைமுறையின் தொடர்ச்சிதான் நாம். இன்று சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பெரும்பாலோருக்கு டெங்கி ஒரு முறைகூட வந்ததில்லை. அது நல்ல செய்தி. ஆனால், கொசுக் கட்டுப்பாட்டில் தளர்வு ஏற்பட்டால் முதலில் பாதிக்கப்படக் கூடியவர்களில் நாமும் இருக்கிறோம்.

டெங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன என்பதும் இங்கே முக்கியம். ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு எதிராக மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். பின்னர் வேறொரு வகை தொற்றினால், முதல் முறை உருவான எதிர்ப்பொருள்கள் புதிய கிருமியை அழிக்க முடியாமல், அது உயிரணுக்களுக்குள் நுழைய உதவிவிடுவதும் உண்டு. இரண்டாம் முறை டெங்கி கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். "எனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே" என்று யாரும் நிம்மதி அடைய முடியாது.

காய்ச்சல் விட்ட நாள்தான் கவனம்

கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளுக்குள் அறிகுறிகள் தெரியும். திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி, தசைவலி, குமட்டல், தோலில் தடிப்பு ஆகியவை வரும். பலர் ஓய்விலேயே குணமடைந்துவிடுவார்கள். ஆபத்தான கட்டம், வியப்பாக, காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வருகிறது.

என்னோடு பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருந்த ஈப்போவைச் சேர்ந்த தோழிக்குச் சென்ற ஆண்டு இது நேர்ந்தது. நான்கு நாள் கொதித்த காய்ச்சல் ஐந்தாம் நாள் காலையில் இறங்கியது. குழுப் பணியை முடிக்க வேண்டும் என்று மடிக்கணினியைத் திறந்துவிட்டாள். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அவள் அம்மாவும், "காய்ச்சல் விட்டுடுச்சில்ல, கஞ்சி குடிச்சிட்டுத் தூங்கும்மா, சரியாப் போயிடும்" என்றார். அன்று மாலை அவளுக்கு அடிவயிற்றில் கடுமையான வலி. மூன்று முறை வாந்தி. மருந்தகத்தில் கொடுத்த தாளில் இந்த இரண்டும் எச்சரிக்கை அறிகுறிகள் என்று அச்சிட்டிருந்தது. அதைக் காட்டி, மறுத்தவளைச் சமாதானப்படுத்தி, மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். மூன்று நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். நலமாகத் திரும்பினாள்.

அந்தக் கட்டத்தில் உடலுக்குள் நடப்பது என்னவென்றால், நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுகிறது. அதிகமாகக் கசிந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். தகுந்த நேரத்தில் அளவோடு திரவம் கொடுத்துக் கண்காணித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். எனவே, காய்ச்சல் இறங்கிய பின் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, அளவுக்கு மீறிய சோர்வு, அமைதியின்மை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

டெங்கிக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கசாயமும் தவறாமல் வலம்வரும். பெரியவர்கள் அக்கறையோடு சொல்வதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. ஆனால், எந்தச் சாறும் ரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரின் கண்காணிப்புக்கும் மாற்று இல்லை என்பதை அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

கொசுவைக் கொண்டே கொசுவைக் குறைப்பது

சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016ஆம் ஆண்டு பிராடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் ஆகிய இடங்களில் ஒரு புதிய முயற்சியைத் தொடங்கியது. 'வோல்பாக்கியா' என்பது பல பூச்சி இனங்களில் இயற்கையாகவே வாழும் ஒரு பாக்டீரியா. ஏடிஸ் எகிப்தி கொசுவில் அது இயற்கையாக இருப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் அதைச் சுமக்கும் ஆண் கொசுக்களை வளர்த்து வெளியில் விடுகிறார்கள். அவை வெளியில் உள்ள பெண் கொசுக்களோடு இணைந்தால், அந்த முட்டைகள் பொரிப்பதில்லை. விடப்படுபவை ஆண் கொசுக்கள் என்பதால் கடிக்கவும் மாட்டா.

தொடர்ந்து விடப்பட்ட இடங்களில் ஏடிஸ் எகிப்தி கொசுக்கள் 80 முதல் 90 விழுக்காடு வரை குறைந்தன. அங்கு வசிப்போருக்கு டெங்கி வரும் வாய்ப்பும் ஏறத்தாழ 75 விழுக்காடு குறைந்தது. இந்தோனீசியாவின் யோக்யகர்த்தாவில் வேறு வழியைப் பின்பற்றினார்கள். அங்கே பெண் கொசுக்களையும் விட்டு, வோல்பாக்கியா உள்ள கொசுக்களே ஊரில் நிறையும்படி செய்தார்கள். வோல்பாக்கியா உள்ள கொசுவுக்குள் டெங்கிக் கிருமி எளிதில் பெருகாது. 2021ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவில் டெங்கிச் சம்பவங்கள் 77 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது. மலேசியாவும் சிலாங்கூர் உள்ளிட்ட இடங்களில் இந்த வழியை முயன்று வருகிறது.

தடுப்பூசியின் கதை இன்னும் நிதானம் தேவைப்படுவது. பிலிப்பீன்சில் 2016ஆம் ஆண்டு தொடங்கி 800,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு முதல் டெங்கித் தடுப்பூசி போடப்பட்டது. முன்பு டெங்கி வந்தவர்களை அது பாதுகாத்தது. வராதவர்களுக்கோ, பின்னர் டெங்கி தொற்றும்போது கடுமையாகும் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்று 2017ஆம் ஆண்டு இறுதியில் அறிவிக்கப்பட்டது. திட்டம் நிறுத்தப்பட்டது. அதோடு எல்லாத் தடுப்பூசிகள் மீதும் பெற்றோரின் நம்பிக்கை சரிந்தது. அதன்பின் வந்த புதிய தடுப்பூசி ஒன்றைப் பிரேசில் 2024ஆம் ஆண்டு தன் பொதுச் சுகாதாரத் திட்டத்தில் சேர்த்தது. அறிவியல் முன்னேறிக்கொண்டே இருக்கிறது. ஆனால், மக்களிடம் உண்மையை முழுமையாகச் சொல்வதும் பொதுச் சுகாதாரத்தில் ஒரு பாதி என்பதை பிலிப்பீன்ஸ் நமக்குக் காட்டியது.

வாரத்தில் பத்து நிமிடம்

வோல்பாக்கியா வந்துவிட்டதால் நம் வேலை முடிந்துவிடவில்லை. வீட்டில் கொசு வளர விட்டால், விடப்படும் ஆண் கொசுக்களின் எண்ணிக்கை போதாமல் போகும். வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு இவற்றைச் செய்யலாம்:

• பூச்சாடித் தட்டுகளில் உள்ள தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுதல். துளசித் தொட்டியின் தட்டை மறக்க வேண்டாம்.

• தொட்டியில் இறுகிப்போன மண்ணைக் கிளறிவிடுதல். இறுகிய மண்ணின் மேலும் தண்ணீர் தேங்கும்.

• பூச்சாடி, சாமி படத்துக்கு முன் வைக்கும் செம்பு ஆகியவற்றின் தண்ணீரை மாற்றுதல்.

• வாளிகளைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தல்.

• துணி காயப்போடும் மூங்கில் கழிகளைச் செருகும் குழாய்களை மூடி வைத்தல்.

• தரை வீட்டில் வசிப்போர் கூரைத் தகரக் கால்வாயில் இலைச் சருகு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுதல்.

• குடும்பத்தோடு வெளியூர் போகுமுன் கழிவறைத் தொட்டியை மூடி, தரை வடிகால்களை அடைத்துவிட்டுச் செல்லுதல்.

வீட்டில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 200 வெள்ளி அபராதம் என்பது பலருக்குத் தெரியும். அந்த அச்சத்தால் சிலர் சோதனைக்கு வரும் அதிகாரிகளைக் கண்டு கதவைத் திறக்கத் தயங்குகிறார்கள். குறிப்பாக, ஆங்கிலம் சரளமாகப் பேசாத மூத்தோர். இங்கேதான் இரு மொழி படித்த நாம் உதவ முடியும். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் விளக்கிச் சொல்லலாம். நாற்காலி மேல் ஏறி அவர்களால் எட்ட முடியாத இடத்தை நாம் பார்த்துத் தரலாம். கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் தமிழக ஊழியர்களுக்காகத் தொண்டூழியம் செய்யும் மாணவர் குழுக்கள், காய்ச்சல் விட்ட பின் கவனிக்க வேண்டிய அறிகுறிகளை ஒரு பக்கத் தமிழ்த் தாளாக அச்சிட்டுக் கொடுக்கலாம். காய்ச்சல் போய்விட்டது என்று மறுநாளே வேலைக்குத் திரும்பும் ஒருவருக்கு அந்தத் தாள் உயிர் காக்கும் துணையாக இருக்கலாம்.

ஏடிஸ் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. உங்களைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் உங்கள் புளோக்கிலோ பக்கத்துப் புளோக்கிலோ பிறந்ததுதான். அதனால் இந்த வேலையை வேறு யாரோ செய்வார்கள் என்று விட்டுவிட முடியாது. இந்த வாரம் உங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.